அன்னாளின் கண்ணீரும் ஏலியின் அவசரமும்



சாமுவேல் ஆகமத்தின் முதற் புத்தகத்தைத் திறந்தால், முதல் அதிகாரத்திலேயே ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். அன்னாள் என்பது அவள் பெயர். பிள்ளைப்பேறு இல்லாதவள். அவள் புருஷன் எல்கானாவுக்கு இன்னொரு மனைவி உண்டு. பெனின்னா என்கிற அவளுக்கோ பிள்ளைகள் இருந்தார்கள். வருஷந்தோறும் குடும்பம் முழுவதும் சீலோ நகரத்து ஆலயத்துக்குப் போகும். அப்போதெல்லாம் மாற்றாள் அன்னாளைச் சொல்லால் குத்துவாள். அன்னாள் அழுவாள்; உண்ணமாட்டாள். எல்கானா கெட்டவன் அல்ல, அவள்பேரில் அன்புள்ளவன்தான். ஆனால் அவன் சொன்ன ஆறுதலைக் கவனியுங்கள். ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை, நான் ஒருவன் உனக்குப் பத்துப் பிள்ளைக்குச் சமானம் இல்லையா என்கிற பாவனையில் பேசினான். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லுகிறார்கள்: "உனக்கு இங்கே என்ன குறை?"

குறையைச் சொல்லத் தெரிந்தால் அவள் ஏன் அழப்போகிறாள்?

பிறகு அவள் தனியே எழுந்து ஆலயத்துக்குப் போனாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஏலி என்னும் குரு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் என்ன நினைத்தார்? இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். நினைத்ததோடு நில்லாமல் கடிந்தும் பேசினார். புருஷனுக்குப் புரியவில்லை என்றால் போகட்டும். தேவ சந்நிதியில் வயதாகிப்போன குருவுக்கே புரியவில்லை! நோயையும் துயரத்தையும் குற்றம் என்று தீர்த்துவிட்டார். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த அவசரத்தைப் பற்றித்தான். நம் பெண்களின் மனோவியாதியைப் பற்றி.

ஏலியைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. நானும் அதே தவறைச் செய்தவன். இளம் குருவாக வேறொரு பங்கில் இருந்த காலம் அது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் சாமியார் பங்களாத் திண்ணைக்கு வந்தாள். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியிடமாட்டார், இது திண்ணையில் கேட்டது. அதையும் அந்த அம்மாளின் சம்மதத்தோடுதான் சொல்லுகிறேன்.) "சாமி, பிள்ளை அழுதா எனக்கு ஒண்ணுமே தோணலை. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்திடுது. ஜெபம் சொன்னா வாய்தான் சொல்லுது" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிப் பூசைக்கு நேரமாகிவிட்டது. "சர்வேசுரன் தங்கம்போல ஆண்பிள்ளை கொடுத்திருக்கிறார். நன்றியில்லாமல் பேசக்கூடாது, அம்மா. தினம் ஒரு ஜெபமாலை சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்தத் தலையாட்டலை நான் கீழ்ப்படிதல் என்று எண்ணினேன்.

பத்து நாளைக்குப் பின் ஒரு மாலை அவளையும் குழந்தையையும் வீட்டில் காணோம். தேடிப் போனவர்களுக்கு முன்பாகவே, ரயில் நிலையத்தில் பூ விற்கிற ஒரு அம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். பிளாட்பாரத்தின் கடைசியில் வெகுநேரம் தனியாக நின்றவளை அந்தப் பூக்காரம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். மறுநாள் தன் வியாபாரத்தையும் விட்டுவிட்டு அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவளே. நெற்றி நிறையக் குங்குமம் இட்ட அந்த அம்மாளுக்கு என் பிரசங்கம் எதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் சொன்னார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். மருந்து கொடுத்தார்கள், வாரந்தோறும் உட்கார்த்திப் பேசினார்கள், இரவில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும், இவள் தூங்கியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சில மாதங்களில் அவள் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். நன்றிகெட்டவள் என்று நான் நினைத்தவள் நோயாளியாக இருந்தாள், அவ்வளவுதான்.

இது ஏதோ அபூர்வமான வியாதி என்று எண்ணாதேயுங்கள். பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மனநோய் காண்கிறது என்றும், அதில் பெரும்பாலும் இந்தச் சோர்வு நோயே என்றும், நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் அது நூற்றுக்கு இருபதை நெருங்குகிறது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. நம் கோவிலில் வருஷத்தில் ஞானஸ்நானம் பெறுகிற குழந்தைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து தாய்மாரில் ஒருத்தி! நாம் குழந்தையைக் கொஞ்சுகிறோம், சங்கிலி போடுகிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம். தாயின் முகத்தை யார் பார்த்தோம்?

பிரசவித்த முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது அநேகருக்கு உண்டு. அது தானே தணிந்துவிடும். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் கெட்டு, ருசி கெட்டு, எதிலும் மகிழ்ச்சியில்லாமல், நான் எதற்கும் உதவாதவள் என்கிற எண்ணம் ஒருத்தியை அரித்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். பிரசவமானவளுக்கு மாத்திரமல்ல, மாதவிடாய் நிற்கிற வயதில் இருக்கிறவளுக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கும், விதவைக்கும் இதுதான் அளவு. நம் பெண்களிடத்தில் இன்னொன்றும் உண்டு. மனம் வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். ஆகையால் உடம்பு பேசுகிறது. தலை பாரம், நெஞ்சடைப்பு, முதுகு வலி, கை கால் ஓய்ச்சல். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கி விழுங்குவார்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இப்படித் தோன்றக்கூடும். அதையும் வைத்தியர்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அத்தை அல்ல.

நம் சுற்று வட்டாரத்துப் பெண்களின் நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை தைக்கிற பெண் மணிக்கு எத்தனை உருப்படி என்று எண்ணப்பட்டே வாழ்கிறாள். வீடு வந்தால் அங்கே எண்ணிக்கையில்லாத வேலை. ஆவடியிலோ, பட்டாளத்திலும் ரிசர்வ் போலீஸிலும் இருக்கிற கணவன்மார் எல்லைப்புறத்தில் இருக்க, குழந்தைகளோடும் மாமனார் மருந்துச் சீட்டோடும் தனியே காலந்தள்ளுகிற மனைவிமார் எத்தனை பேர்! பூந்தமல்லிச் சாலையில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களில் நாலு மணிக்கு முன் எழுந்திராதவள் யார்? குடிகாரனோடு குடித்தனம் செய்கிறவளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இந்தப் பாரமெல்லாம் மனதை நோகச் செய்யும். ஆனாலும் கஷ்டம் இருந்தால்தான் நோய் வரும் என்பதில்லை. வசதியான வீட்டிலும் வரும்; ஆகவே "உனக்கு என்ன குறை?" என்கிற கேள்விக்கு நீரிழிவுக்காரரிடம் எவ்வளவு அர்த்தமோ, இங்கேயும் அவ்வளவே அர்த்தம்.

சரி, வைத்தியரிடம் ஏன் போவதில்லை? 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநோய்க்குச் சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் என்று கண்டார்கள். காரணம் பலவுண்டு. நம் ஊரில் ஒரு காரணத்துக்குப் பெயரே இருக்கிறது: கீழ்ப்பாக்கம். சிறுபிள்ளைகூட "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுகிறான். 1794-ல் கும்பினியார் காலத்தில் சென்னையில் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசவுக்குப் பயந்துதான் தாய்மார் தங்கள் பெண்ணை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.

அதே ஆஸ்பத்திரியை 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஒரு பெண்மணி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியர் என்று பெயர் பெற்றவர். ஓய்வு பெற்றபின் சும்மா இராமல், 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நமக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அண்ணா நகர் மேற்கு விரிவில் அது இருக்கிறது. 2021-ல் 98-வது வயதில் காலமானார். அவருடைய நிறுவனத்தார் செய்த ஆராய்ச்சிகளில் ஒன்று என் மனதைச் சுட்டது. மனச்சிதைவு நோய் கண்டு, கணவனால் கைவிடப்பட்டுத் தாய்வீட்டில் கிடக்கிற சென்னைப் பெண்களைப் பற்றியது. அநேகருக்குச் சட்டப்படி விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. வயதான பெற்றோர், எங்களுக்குப் பின் இவளுக்கு யார் என்று அழுகிறார்கள்.

கலியாணப் பூசையில் நான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் சுகத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்போம் என்று வலது கையைப் பிடித்து வாக்குக் கொடுக்கிறீர்கள். அந்த நோய் என்ற சொல்லில் மனநோய் சேராது என்று எந்தக் குரு உங்களுக்குச் சொன்னார்?

இனி, சிலர் கோபித்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் தனியே பேசுகிறாள், யாரோ கூப்பிடுவதுபோல் குரல் கேட்கிறது என்கிறாள், உடனே பேய் என்று தீர்ப்பு. தாயத்து, கயிறு, மந்திரித்த எண்ணெய். நம் ஆட்களானால் கெபிகெபியாய், கூட்டங்கூட்டமாய் அலைச்சல். திருச்சபையின் சட்டத்தில், மேற்றிராணியாரின் விசேஷ அனுமதியில்லாமல் எந்தக் குருவும் ஒருவர்பேரில் பேயோட்டும் சடங்கு நடத்தக்கூடாது. வியாதியா என்று முதலில் விசாரிக்கவும் வேண்டும். சடங்கை நடத்த வேண்டிய குருவுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்க, தெருவில் போகிறவன் உங்கள் மகளின் தலைமயிரைப் பிடித்து ஆட்ட நீங்கள் எப்படி இடங்கொடுக்கிறீர்கள்? 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி இராமநாதபுரம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்பமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லாரும் கொடியவர்களா? இல்லை. சுகம் கிடைக்கும் என்று நம்பி விட்டவர்கள், பராமரிக்க வழியற்றவர்கள். எல்லா மதத்துக் குடும்பங்களும் இப்படிச் செய்கின்றன. ஆகையால் யாரையும் பார்த்து நாம் விரல் நீட்ட வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறுகிற தாயிடமிருந்து சாதாரணமாய்ப் பிரிக்கக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது.

ஜெபம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்! காய்ச்சலுக்கு ஜெபிக்கிறோம், மாத்திரையும் போடுகிறோம். சாகவேண்டும் என்று சொல்லி வனாந்தரத்தில் செடியின் நிழலில் விழுந்து கிடந்த எலியாஸ் தீர்க்கதரிசியிடம் சம்மனசு என்ன செய்தார்? பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். மனச்சோர்வுக்கான மருந்தும் அப்படித்தான், இன்று போட்டு நாளை குணமாவதில்லை. பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்தாதேயுங்கள். சுகமானதும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதேயுங்கள்.

மனநோய் வந்தால் குடும்பத்துக்குச் சாபம் என்பவர்களுக்கு ஒரு அர்ச்சியசிஷ்டவரைக் காட்டுகிறேன். நம் வீடுகளில் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாள் படம் இல்லாத வீடு குறைவு. அவளுடைய தகப்பனார் லூயி மார்த்தேன், மூளை சம்பந்தமான நோயால் சித்தம் கலங்கி, 1889 முதல் 1892 வரை மூன்று வருஷம் கான் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள்மார் மடத்துக்குப் போனதால்தான் கிழவனுக்கு இப்படி ஆயிற்று என்று ஊரார் பேசினார்கள். மடத்துச் சுவருக்குள் இருந்த தெரேசம்மாளின் காதிலும் அது விழுந்தது. அந்தத் தகப்பனாரையும் அவர் மனைவி செலியையும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18-ந் தேதி அர்ச்சியசிஷ்டர்களாகப் பிரசித்தம் செய்தார். மனநோய் ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்த ஒருவர் இன்று நம் பீடத்தின்மேல் இருக்கிறார்!

தற்கொலையைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. 2021-ல் நம் தேசத்தில் தங்களை மாய்த்துக்கொண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டுக் குடும்பப் பெண்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்லுகிறது. வீடு அத்தனை பத்திரமான இடமல்ல போலும். பழைய நாட்களில் அப்படி இறந்தவர்களுக்குக் கோவிலில் அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. வயதானவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைக் குறித்து நம்பிக்கையிழக்கலாகாது என்றும் நம் ஞானோபதேசம் இன்று போதிக்கிறது. பிள்ளையை அப்படி இழந்த தாய் இந்தக் கோவிலில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும், அவளைச் சுற்றி இடத்தைக் காலியாக விடாதேயுங்கள். உயிரோடிருக்கிற ஒருத்தி "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்றால், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. அவளைத் தனியே விடாதேயுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்கிற உதவி அது. தமிழிலேயே பேசுவார்கள்.

தெருவில் அலைகிற பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1993-ல் இரண்டு இளம் பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், சித்தம் கலங்கித் தெருவில் திரிகிற பெண்களுக்காக பானியன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய இல்லம் நம் பக்கத்து முகப்பேரில்தான் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? அடைக்கலம். நாம் அடைக்கல மாதாவே என்று நாள்தோறும் கூப்பிடுகிறோம். அவர்கள் அந்தச் சொல்லைக் கட்டிடமாகக் கட்டிவிட்டார்கள். ரயிலேறி, பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கி, பெயரையும் மறந்துவிட்ட வடநாட்டுப் பெண்கள்கூட அங்கே சுகமடைந்து, ஊரின் பெயர் ஞாபகம் வந்து, வீடு திரும்பியிருக்கிறார்கள். வீட்டார் ஏற்றுக்கொள்ளாதவர்களோ? அவர்களுக்காக, நாலைந்து பெண்கள் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் சேர்ந்து சமைத்து வாழும்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதை 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் மற்ற தேசங்களுக்கு நல்ல முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது. அப்படிப்பட்டவர்களுக்கு வாடகைக்கு வீடு கேட்டால் "பைத்தியங்களுக்கா?" என்று கதவைச் சாத்துகிற நமக்கு, பெல்ஜியம் தேசத்துக் கேல் என்னும் ஊரைச் சொல்லுகிறேன். மனநோயாளிகளுக்குப் பாதுகாவலியான அர்ச். திம்ப்னா கன்னிகையின் கல்லறைக்கு வந்த நோயாளிகளை அவ்வூரார் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வீட்டிலேயே குடும்பத்தில் ஒருவராய் வைத்துப் பராமரித்து வருகிறார்கள். அவர்கள் யாரும் படித்த வைத்தியர்கள் அல்ல. குடியானவர்களும் கடைக்காரர்களுமே.

சீலோவுக்குத் திரும்புவோம். ஏலி கடிந்துகொண்டபோது அன்னாள் வாயை மூடிக்கொண்டு போய்விடவில்லை. நான் குடிக்கவில்லை, மனம் நொந்தவள், என் உள்ளத்தைச் சர்வேசுரன்முன் கொட்டினேன் என்று மரியாதையாகவே மறுத்துச் சொன்னாள். ஏலியின் பெருமையும் இங்கேதான்: தன் தவறை உணர்ந்து, உடனே ஆசீர்வதித்தார். அதன்பின் அவள் போய்ச் சாப்பிட்டாள், அவள் முகம் முன்போல் துக்கமாயிருக்கவில்லை என்று ஆகமம் சொல்லுகிறது. இதைக் கவனித்தீர்களா? சாமுவேல் பிறந்தபின் அல்ல, கருவுறுவதற்கும் முன்பே முகம் மாறிவிட்டது. அதற்குள் நடந்தது இவ்வளவே: அவள் சொன்னாள், ஒருவர் கேட்டார்.

ஆகவே இந்த வாரமுதல் ஒரு சின்ன ஏற்பாடு. நம் பங்கில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் மாதா சபையிலிருந்து இரண்டு பேர் வாரம் ஒருமுறை போவார்கள். போகிறவர்கள், பால் போதுமா, யார் ஜாடை என்று விசாரணை நடத்த வேண்டாம். கஞ்சியோ குழம்போ கொண்டுபோய் வைத்துவிட்டு, குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தூங்கவிடுங்கள். கணவன்மார் அந்த நேரம் பாத்திரம் கழுவினால் கை தேய்ந்துவிடாது.

செவ்வாய், வெள்ளி சாயந்திரம் ஐந்திலிருந்து ஏழு வரை நான் பங்களாத் திண்ணையில் இருப்பேன். ஆண்பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக மடத்துச் சகோதரி ஒருவரும் உள் அறையில் இருப்பார்கள். சுவர்க் கடிகாரத்தை அங்கிருந்து கழற்றச் சொல்லிவிட்டேன். ஒருவேளை பழக்க தோஷத்தால் நான் ஏலியைப்போல் அவசரப்பட்டால், அன்னாளைப்போல் மறுத்துச் சொல்லுங்கள், அம்மா.